கணினியின் நினைவகம் பின்னணியில் எங்கே போகிறது: விண்டோஸில் படிப்படியாகக் கண்டறியும் வழிகாட்டி

எதையும் திறக்கவில்லை, ஆனால் எந்த நிரல் எவ்வளவு எடுக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில் நினைவகம் 60 விழுக்காடு என்று காட்டுகிறது. உடனே பட்டியலின் மேலே இருப்பதை ஒவ்வொன்றாக நிறுத்தத் தொடங்கிவிடுகிறார்கள். புதியவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் காண்பது இதைத்தான். இந்த வரிசை தலைகீழானது. நினைவகம் உண்மையிலேயே போதவில்லையா என்று முதலில் பார்க்க வேண்டும். போதவில்லை என்றால், அதை எது எடுத்துவைத்திருக்கிறது என்று தேட வேண்டும். எதையாவது நிறுத்துவதோ நீக்குவதோ அதற்குப் பிறகுதான்.

கீழே உள்ள படிகள் விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டுக்கும் பொருந்தும். 8 ஜிபி ரேம் (நினைவகம்) உள்ள சாதாரண மடிக்கணினியை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன், ஏனென்றால் இந்தக் குழப்பம் அதிகம் வருவது அந்த அளவில்தான். திரையில் ஆங்கிலத்தில் தோன்றும் பெயர்களை ஒலிபெயர்த்தே தந்திருக்கிறேன். திரையோடு ஒப்பிட்டுப் பார்க்க அதுவே எளிது.

1. தொடங்கும் முன்

நிர்வாகி உரிமை உள்ள கணக்கில் நுழைந்திருங்கள். சாதாரணக் கணக்கில் சில நிரல்களின் விவரம் முழுதாகத் தெரியாது.

ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். நினைவகப் பிரச்சினையை ஒரே பார்வையில் கண்டுபிடிக்க முடியாது. காலையில் இருந்த எண்ணையும் மாலையில் இருக்கும் எண்ணையும் ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதாமல் விடுபவர்கள் இரண்டாம் நாளே குழம்பிவிடுகிறார்கள்.

சி டிரைவில் எவ்வளவு இடம் மீதி இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கும் நினைவகத்துக்கும் என்ன தொடர்பு என்பது பத்தாம் படியில் வரும்.

"ரேம் கிளீனர்" என்ற பெயரில் ஏதாவது நிறுவியிருந்தால் இப்போதே நீக்கிவிடுங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போது எடுக்கும் எந்த அளவும் நம்பத்தக்கதல்ல.

2. ரீஸ்டார்ட் கொடுத்து, காத்திருந்து, முதல் அளவை எடுங்கள்

ஷட் டவுன் கொடுத்து மறுபடி ஆன் செய்வது போதாது, ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால், விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலின் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு, மறுமுறை ஆன் செய்யும்போது அப்படியே மீட்கப்படும். ஒரு டிரைவர் (வன்பொருளையும் விண்டோஸையும் இணைக்கும் மென்பொருள்) நினைவகத்தைக் கசியவிட்டுக்கொண்டிருந்தால், அதாவது வாங்கியதைத் திருப்பித் தராமல் சேர்த்துக்கொண்டே போனால், அந்தக் கசிவும் கூடவே வந்துவிடும். ரீஸ்டார்ட் ஒன்றுதான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குகிறது.

நம்பிக்கை இல்லையென்றால் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் சிபியு பகுதியைத் திறந்து "அப் டைம்" என்ற எண்ணைப் பாருங்கள். தினமும் இரவு கணினியை அணைப்பதாகச் சொல்பவரின் கணினியில் அது வாரக் கணக்கில் இருப்பதைக் காணலாம்.

ரீஸ்டார்ட் ஆனதும் உள்ளே நுழைந்து பத்து நிமிடம் எதையும் தொடாதீர்கள். அந்த நேரத்தில் வைரஸ் தடுப்பு சோதிக்கும், தேடல் அட்டவணை புதுப்பிக்கப்படும், அப்டேட் வந்திருக்கிறதா என்று விண்டோஸ் பார்க்கும். எல்லாம் அடங்கிய பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபாமன்ஸ், பிறகு மெமரி. அங்கே உள்ள எண்கள் அனைத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். இனி வரும் ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் அடிப்படை இந்த எண்கள்தான்.

3. மெமரி பக்கத்தைச் சரியாக வாசியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பொறுமையாகப் படிப்பீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும். இந்தப் பக்கத்தைத் தவறாக வாசிப்பதால்தான் மற்ற தவறுகள் எல்லாம் பிறக்கின்றன.

உதாரணத்துக்கு, 8 ஜிபி ரேம் உள்ள ஒரு கணினியில் இப்படித் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம்: இன் யூஸ் 5.1 ஜிபி, அவைலபிள் 2.6 ஜிபி, கமிட்டட் 9.2 / 12.7 ஜிபி, கேஷ்ட் 2.4 ஜிபி, ஹார்ட்வேர் ரிசர்வ்ட் (வன்பொருளுக்கென்று ஒதுக்கப்பட்டது) சுமார் 0.3 ஜிபி.

இன் யூஸ் என்பது இந்த நொடியில் நிரல்களும் விண்டோஸும் டிரைவர்களும் ரேமில் பிடித்திருக்கும் இடம். அதன் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ஒரு சிறிய எண் இருக்கும். அது அழுத்திச் சுருக்கப்பட்ட நினைவகம். நிரல் கொஞ்ச நேரமாகத் தொடாத பக்கங்களை (நினைவகத்தின் சிறு துண்டுகளை) உடனே வட்டுக்கு அனுப்பாமல், ரேமுக்குள்ளேயே சுருக்கி வைத்துக்கொள்ளும் வசதி விண்டோஸ் 10 முதல் உண்டு. அந்த எண் சிறிதாக இருந்தால் கவலை வேண்டாம். அது ஏறிக்கொண்டே போனால் கணினி நெருக்கடியைச் சமாளிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

கேஷ்ட் என்பதைப் பார்த்துத்தான் பலரும் பதறுகிறார்கள். அண்மையில் படித்த கோப்புகளும் மூடிய நிரல்களின் பகுதிகளும் மறுபடி தேவைப்படலாம் என்று விண்டோஸ் அவற்றை ரேமிலேயே விட்டுவைக்கிறது. அவற்றில் பெரும்பகுதி "ஸ்டாண்ட்பை" என்ற பட்டியலில் இருக்கும். வேறு நிரல் இடம் கேட்டால் அந்தக் கணமே கொடுத்துவிடும், வட்டில் எழுதிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்ற தேவையும் இல்லை. ஆகவே ஸ்டாண்ட்பை வீணான இடம் அல்ல. எக்செல்லை இரண்டாம் முறை திறக்கும்போது வேகமாகத் திறப்பதற்குக் காரணமே அதுதான்.

அவைலபிள் என்பது ஸ்டாண்ட்பையையும் முழுக் காலி இடத்தையும் கூட்டி வருவது. நீங்கள் கவனிக்க வேண்டிய முதல் எண் இதுதான். கீழே உள்ள பட்டையில் "ஃப்ரீ" பகுதி மெல்லிய கோடாக இருப்பதைக் கண்டு ரேம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். நன்றாக இயங்கும் கணினியில் ஃப்ரீ குறைவாக இருப்பது இயல்பு, அவைலபிள்தான் குறையக் கூடாது.

இனி கமிட்டட். புதியவர்கள் தாண்டிப் போய்விடும் எண் இது, ஆனால் நிரல்கள் திடீரென்று மூடிக்கொள்வதற்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. ஒரு நிரல் நினைவகம் கேட்டதும் விண்டோஸ் "தருகிறேன்" என்று உறுதி கொடுக்கிறது. நிரல் அதில் எதையாவது எழுதும்போதுதான் ரேமில் இடம் செலவாகும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போன்றது இது: ஆள் இன்னும் உட்காரவில்லை, ஆனால் அந்த இருக்கையை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. இப்படிக் கொடுத்த உறுதிகளின் மொத்தம் 9.2 ஜிபி. கொடுக்கக்கூடிய உச்சம் 12.7 ஜிபி. அந்த உச்சம், பயன்படுத்தத்தக்க ரேமும், ரேமில் இடம் போதாதபோது பக்கங்களை வைக்க வட்டில் உள்ள பேஜ் ஃபைல் என்ற கோப்பும் சேர்ந்தது. இங்கே 7.7 ஜிபி ரேம், 5 ஜிபி பேஜ் ஃபைல்.

முதல் எண் இரண்டாம் எண்ணை நெருங்கினால், ரேமில் இடம் மீதி இருந்தாலும்கூட, புதிதாக நினைவகம் கேட்கும் நிரலுக்கு மறுப்புத்தான் கிடைக்கும். நிரல் உறையும், அல்லது சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும். "இன்னும் 2 ஜிபி காலியாக இருக்கிறதே, ஏன் மூடிக்கொண்டது?" என்ற கேள்விக்குக் காரணம் இதுதான்.

கடைசியாக நான்-பேஜ்ட் பூல். கெர்னலும் டிரைவர்களும் வைத்திருக்கும், வட்டுக்கு நகர்த்தவே முடியாத பகுதி. சாதாரணமாக இது சில நூறு எம்பி அளவில் நிற்கும். இந்த எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள், ஒன்பதாம் படியில் தேவைப்படும்.

4. உண்மையிலேயே பற்றாக்குறையா என்று தீர்மானியுங்கள்

தேடல் பெட்டியில் ரிசோர்ஸ் மானிட்டர் என்று ஆங்கிலத்தில் தட்டித் திறந்து, மெமரி தாவலுக்குப் போங்கள். வலப்பக்கத்தில் "ஹார்ட் ஃபால்ட்ஸ்" என்ற வரைபடம் ஓடிக்கொண்டிருக்கும்.

பெயரைக் கண்டு வன்பொருள் பழுது என்று நினைக்க வேண்டாம். நிரலுக்குத் தேவையான பக்கம் ரேமில் இல்லாமல், வட்டிலிருந்து எடுத்துவர வேண்டியிருந்தது என்பதை மட்டுமே இது சொல்கிறது. புதிய நிரலைத் திறக்கும்போது இந்த எண் துள்ளி எழுவது முற்றிலும் இயல்பு.

கவலைப்பட வேண்டியது வேறொரு நிலைக்கு. நீங்கள் வழக்கமான வேலையைச் செய்துகொண்டிருக்கிறீர்கள், புதிதாக எதையும் திறக்கவில்லை, ஆனால் வரைபடம் நிமிடக் கணக்கில் உயரத்திலேயே நிற்கிறது. அதே நேரத்தில் அவைலபிள் சில நூறு எம்பிக்குக் கீழே போயிருக்கிறது. இரண்டும் சேர்ந்து நடந்தால் அது பற்றாக்குறைதான்.

இது ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், ரேமிலிருந்து எடுக்க ஏறக்குறைய 100 நானோ நொடி போதும். எஸ்எஸ்டியில் அது ஆயிரம் மடங்கு அளவுக்கு நீளும், சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் பத்து மில்லி நொடி அளவுக்குப் போய்விடும். பழைய ஹார்ட் டிஸ்க் ஒரு நொடிக்கு நூறு சொச்சம் சிதறிய வாசிப்புகளைத்தான் தாங்கும். நொடிக்கு முந்நூறு பக்கங்கள் அங்கிங்காகக் கேட்கப்பட்டால் சுட்டிகூட நகராது.

இந்தச் சோதனையை வேலை உச்சத்தில் இருக்கும்போது செய்ய வேண்டும். காலையில் வெறும் கணினியில் பார்த்துவிட்டு "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று மூடிவிடுவது வழக்கமான தவறு. உலாவியும் எக்செல்லும் டேலியும் ஒன்றாகத் திறந்திருக்கும் மதிய நேரத்தில் பாருங்கள்.

அவைலபிள் ஒரு ஜிபிக்கு மேல் இருக்கிறது, ஹார்ட் ஃபால்ட்ஸ் அடங்கியிருக்கிறது, கமிட்டட் உச்சத்திலிருந்து தள்ளி நிற்கிறது என்றால், உங்கள் கணினி மெதுவாக இருப்பதற்குக் காரணம் நினைவகம் அல்ல. சிபியுவையும் வட்டையும் போய்ப் பாருங்கள். இன் யூஸ் 70 விழுக்காடு என்றே இருந்தாலும் சரி.

5. நிரல்வாரியாகக் கணக்கெடுங்கள், சரியான பத்தியை வைத்து

எல்லோரும் பார்ப்பது முதல் பக்கமான பிராசஸஸ். ஆனால் கணக்குப் பார்க்க உகந்தது டீடெய்ல்ஸ் பக்கம். அங்கே தலைப்பு வரிசையில் வலது சொடுக்கு செய்து, செலக்ட் காலம்ஸ் வழியாகக் "கமிட் சைஸ்", "ஹேண்டில்ஸ்" (நிரல் திறந்துவைத்திருக்கும் கோப்புகள் போன்றவற்றின் எண்ணிக்கை), "என்பி பூல்" (நான்-பேஜ்ட் பூல்), "கமாண்ட் லைன்" நான்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு கமிட் சைஸ் தலைப்பைச் சொடுக்கிப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துங்கள்.

இயல்பாகத் தெரியும் மெமரி பத்தி மட்டும் ஏன் போதாது? அது ஒரு நிரல் இப்போது ரேமில் தனக்கென்று வைத்திருக்கும் பகுதியை மட்டுமே காட்டுகிறது. நெருக்கடி வரும்போது விண்டோஸ் அந்த நிரலின் பக்கங்களைச் சுருக்கியோ வட்டுக்கு அனுப்பியோ விட்டால், அந்த எண் தானாக இறங்கிவிடும். 3 ஜிபி கேட்டு வாங்கிய நிரல் 300 எம்பி என்று அப்பாவியாக நிற்கும். கமிட் சைஸ் அப்படி இறங்காது.

அடுத்து வரும் கேள்வி: எல்லா நிரல்களையும் கூட்டினால் இன் யூஸ் அளவு வரவில்லையே? வராது. பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் பக்கங்கள், கெர்னலின் பூல்கள், டிரைவர்கள் பூட்டிவைத்த பகுதி, சுருக்கப்பட்ட நினைவகம் இவை எதுவும் தனி நிரலின் வரியில் சேராது. சில நூறு எம்பி முதல் ஒரு ஜிபிக்குக் கொஞ்சம் மேல் வரை வேறுபாடு இருந்தால் விட்டுவிடுங்கள். பல ஜிபி என்றால் ஒன்பதாம் படிக்குப் போக வேண்டும்.

பட்டியலில் எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயர் ஐம்பது, அறுபது முறை வந்தால் வைரஸ் என்று அஞ்ச வேண்டாம். 3.5 ஜிபிக்கு மேல் ரேம் உள்ள கணினிகளில், 2017இல் வந்த கிரியேட்டர்ஸ் அப்டேட் முதல், பெரும்பாலான சேவைகள் தனித்தனி எஸ்விசிஹோஸ்ட்டில் இயங்குகின்றன. ஒன்று விழுந்தால் மற்றவை விழக்கூடாது என்பதற்காகச் செய்த மாற்றம் அது. நமக்கும் அதில் ஒரு நன்மை உண்டு: எந்தச் சேவை எவ்வளவு எடுக்கிறது என்று இப்போது தனியாகத் தெரிகிறது. வரியில் வலது சொடுக்கு செய்து "கோ டு சர்வீசஸ்" கொடுத்தால் பெயர் வந்துவிடும்.

வெப்வியூ 2 என்ற பெயரும் குழப்பும். எட்ஜ் உலாவியைத் திறக்கவே இல்லையே என்பார்கள். டீம்ஸ், புதிய அவுட்லுக், விட்ஜெட்ஸ் போன்றவை தங்கள் திரையை வரைய எட்ஜின் இயந்திரத்தைத்தான் பயன்படுத்துகின்றன. எந்த நிரலுக்காக ஓடுகிறது என்பதைக் கமாண்ட் லைன் பத்தியில் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

6. உலாவியை அதற்குள்ளேயே அளங்கள்

பெரும்பாலான கணினிகளில் அதிக நினைவகம் எடுப்பது உலாவிதான். ஆனால் டாஸ்க் மேனேஜரில் அதன் பெயர் இருபது வரிகளில் சிதறிக் கிடக்கும், எந்த வரி எந்தத் தளம் என்று தெரியாது. ஏதோ ஒன்றை நிறுத்தினால், பாதி நிரப்பிய விண்ணப்பப் படிவம் போய்விடும்.

குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் மெனுவில் மோர் டூல்ஸ் பகுதிக்குள் சொந்த டாஸ்க் மேனேஜர் உண்டு. குரோமிலும் எட்ஜிலும் ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தினாலே திறக்கும். ஒவ்வொரு தாவலும், ஒவ்வொரு நீட்சியும் (எக்ஸ்டென்ஷன்) எவ்வளவு எடுக்கிறது என்று பெயரோடு காட்டும்.

நீட்சிகளை முதலில் பாருங்கள் என்பது என் பரிந்துரை. தாவலை மூடினால் அது போய்விடும், நீட்சி உலாவி திறந்திருக்கும் வரை போகாது. என்றோ ஒருநாள் கூப்பன் தேட நிறுவிய நீட்சி இன்றும் ஒவ்வொரு பக்கத்திலும் நுழைந்துகொண்டிருக்கும்.

உலாவியை மூடிய பிறகும் அதன் வரிகள் டீடெய்ல்ஸ் பக்கத்தில் மறையவில்லையா? குரோம் அமைப்புகளில் சிஸ்டம் பகுதியில், உலாவி மூடிய பின்னும் பின்னணி நிரல்களைத் தொடர விடும் ஒரு விசை இருக்கிறது. எட்ஜில் அதே வகை விசையோடு "ஸ்டார்ட்அப் பூஸ்ட்" என்ற ஒன்றும் உண்டு, அது உலாவியை முன்கூட்டியே பின்னணியில் ஏற்றிவைக்கும். 8 ஜிபி கணினியில் இவற்றை அணைத்துவிடலாம். உலாவி திறக்க ஓரிரு நொடி கூடுதலாகும், அவ்வளவுதான்.

பயன்படுத்தாத தாவல்களை உறங்கவைக்கும் மெமரி சேவர், ஸ்லீப்பிங் டாப்ஸ் வசதிகளை இயக்கியே வையுங்கள். நீண்ட படிவம் நிரப்பும் தளங்களை மட்டும் விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

7. தானாகத் தொடங்குபவற்றைக் குறையுங்கள், ஒருமுறைக்கு ஒன்றாக

டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பக்கம். அங்கே தேவையற்றதை டிசேபிள் செய்யலாம். ஸ்டார்ட்அப் இம்பாக்ட் என்ற பத்தி, கணினி தொடங்கும்போது வட்டுக்கும் சிபியுவுக்கும் தரும் சுமையைத்தான் குறிக்கிறது. நினைவகத்தை அது அளப்பதில்லை. அதில் "லோ" என்று இருப்பது நினைவகத்தை நிறையப் பிடித்துவைத்திருக்கலாம்.

பத்தையும் ஒன்றாக அணைப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. மறுநாள் பிரிண்டர் வேலை செய்யாது, டச்பேட் சைகைகள் போய்விடும், எதனால் என்று தெரியாது. ஒன்றை அணையுங்கள், ரீஸ்டார்ட் கொடுங்கள், பத்து நிமிடம் கழித்து இரண்டாம் படியில் எழுதிய எண்களோடு ஒப்பிடுங்கள், பிறகு அடுத்தது. பொறுமை கேட்கும் வேலை, ஆனால் எது எவ்வளவு தந்தது என்று எழுத்தில் இருக்கும்.

அணைத்த நிரல் மறுபடி வந்து நின்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதியின் சைன்-இன் ஆப்ஷன்ஸ். முன்பு திறந்திருந்த நிரல்களை மறுபடி திறக்கும் விசை அங்கே இருக்கிறது. இன்னொன்று டாஸ்க் ஷெட்யூலர், பல நிரல்களின் அப்டேட்டர்கள் அங்கே பதிந்திருக்கும்.

சேவைகளைத் தொட வேண்டியிருந்தால் சிஸ்டம் கான்ஃபிகரேஷனைத் திறந்து, சர்வீசஸ் தாவலில் மைக்ரோசாஃப்ட் சேவைகளை மறைக்கும் பெட்டியில் முதலில் டிக் வையுங்கள். மீதி இருப்பவை மட்டுமே உங்கள் கைக்குரியவை. அதே சாளரத்தில் பூட் தாவலின் அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸில் "மேக்சிமம் மெமரி" என்ற பெட்டி இருக்கும். அதில் டிக் வைத்தால் ரேம் முழுதாகக் கிடைக்கும் என்று பரவியிருக்கும் யோசனை தவறு. அது உச்ச வரம்பு வைப்பதற்கான பெட்டி, ரேம் குறையத்தான் செய்யும். ஹார்ட்வேர் ரிசர்வ்ட் எண் திடீரென்று ஜிபி கணக்கில் ஏறியிருந்தால் இந்தப் பெட்டியை முதலில் சோதியுங்கள்.

8. கசிவைப் பிடிப்பது

அதிகம் எடுக்கும் நிரலும் கசியும் நிரலும் வேறு வேறு. புகைப்படத் திருத்த நிரல் 2 ஜிபி எடுத்து அங்கேயே நிற்கலாம், அது அதன் தேவை. ஒரு அப்டேட்டர் காலையில் 80 எம்பி, மதியம் 400, மாலையில் 900 என்று வேலை எதுவும் இல்லாமலே ஏறினால் அது கசிவு. இதைப் பிடிக்க ஒரே வழி காலமுறைக் குறிப்பு.

டீடெய்ல்ஸ் பக்கத்தில் கமிட் சைஸ் வரிசையில் முதல் பத்து நிரல்களை எழுதுங்கள், ஹேண்டில்ஸ் எண்ணோடு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு வேலை நாள் முழுக்க. நிரல் சும்மா இருக்கும்போதும் இரண்டு எண்களும் இறங்காமல் ஏறிக்கொண்டே இருந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது. ஹேண்டில்ஸ் மட்டும் பல்லாயிரக்கணக்கில் ஏறினாலும் அதே சந்தேகம்தான், ஏனென்றால் ஒவ்வொரு ஹேண்டிலும் கெர்னலில் கொஞ்சம் இடம் பிடிக்கிறது.

ஒரு தனி அளவை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பல நிரல்கள் தொடங்கிய முதல் ஒரு மணி நேரம் ஏறிவிட்டு அதன் பிறகு சமநிலைக்கு வரும். அந்த ஏற்றத்தை மட்டும் பார்த்துக் கசிவு என்று நீக்கிவிட்டவர்கள் உண்டு.

கணினி ஏற்கெனவே ஒருமுறை முழுதாகத் திணறியிருந்தால் விண்டோஸே குறிப்பு எழுதி வைத்திருக்கும். ஈவன்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் பகுதியில் 2004 என்ற எண்ணுள்ள நிகழ்வைத் தேடுங்கள். அதன் மூலம் ரிசோர்ஸ் எக்சாஸ்ஷன் டிடெக்டர் என்று இருக்கும். அந்த நேரத்தில் அதிகம் கமிட் செய்திருந்த மூன்று நிரல்களின் பெயரும் அளவும் அதில் இருக்கும். எல்லாம் முடிந்த பிறகு வந்து பார்ப்பவருக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது, ஆனால் இங்கே எட்டிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

குற்றவாளி தெரிந்ததும் முதலில் அதை அப்டேட் செய்யுங்கள். கசிவு பிழைகள் பெரும்பாலும் புதிய பதிப்பில் சரிசெய்யப்பட்டிருக்கும். அதன் பிறகும் ஏறினால் நீக்கிவிட்டு மாற்று தேடுங்கள்.

9. எந்த நிரலின் கணக்கிலும் வராத நினைவகம்

இன் யூஸ் 6 ஜிபி, நிரல்களைக் கூட்டினால் 3 ஜிபிகூட வரவில்லை என்றால், நினைவகம் நிரல்களிடம் இல்லை. நான்-பேஜ்ட் பூல் எண்ணை இரண்டாம் படியில் எழுதியதோடு ஒப்பிடுங்கள். சில நூறு எம்பியாக இருந்தது ஒரு ஜிபியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தால் டிரைவர் கசிகிறது. வைஃபை உள்ளிட்ட வலையமைப்பு டிரைவர்கள், வைரஸ் தடுப்பு, விபிஎன் மென்பொருள்களின் டிரைவர்கள் ஆகியவற்றை முதலில் சந்தேகியுங்கள். மடிக்கணினி தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிய டிரைவரை நிறுவி, ரீஸ்டார்ட் கொடுத்து, மறுபடி ஒரு நாள் கவனியுங்கள்.

பூல் எண் சரியாக இருந்தும் கணக்கு உதைத்தால் மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ரேம்மேப் என்ற இலவசக் கருவியை இறக்கிக்கொள்ளுங்கள். அதன் முதல் பக்கம் ரேம் முழுவதையும் வகைவாரியாகப் பிரித்துக் காட்டும். "டிரைவர் லாக்ட்" பெரிதாக இருந்தால் வெர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள். லினக்ஸ் துணை அமைப்பையோ டாக்கரையோ நிறுவி மறந்துவிட்ட கணினிகளில் இது அடிக்கடி அகப்படும். "மேப்ட் ஃபைல்" பெரிதாக இருந்தால் அதில் எவ்வளவு ஸ்டாண்ட்பை பத்தியில் இருக்கிறது என்று பாருங்கள். அது எப்போது வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கும் இடம்தான்.

அந்தக் கருவியில் ஸ்டாண்ட்பையைக் காலி செய்யும் கட்டளையும் இருக்கிறது. அது சோதனைக்கானது. தினமும் செய்தால் கோப்புகள் எல்லாவற்றையும் வட்டிலிருந்து மறுபடி படிக்க வேண்டிவரும், கணினி மெதுவாகும். ரேம் கிளீனர்களும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கின்றன: ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பக்கங்களை ரேமிலிருந்து வெளியே தள்ளி, எண்ணைக் குறைத்துக் காட்டுகின்றன. நீங்கள் அந்த நிரலுக்குத் திரும்பியதும் பக்கங்கள் எல்லாம் மறுபடி உள்ளே வர வேண்டும்.

10. பேஜ் ஃபைலை அணைக்காதீர்கள்

எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்று பேஜ் ஃபைலை முழுதாக அணைத்துவிடுகிறார்கள். மூன்றாம் படியில் பார்த்த கமிட்டட் உச்சம் உடனே 12.7 ஜிபியிலிருந்து 7.7 ஜிபிக்கு இறங்கிவிடும். ஏற்கெனவே 9.2 ஜிபி தேவைப்படும் வேலையை அதற்குள் செய்ய முடியாது, நிரல்கள் மூடிக்கொள்ளத் தொடங்கும்.

சிஸ்டம் ப்ராப்பர்டீஸ், அட்வான்ஸ்ட், பெர்ஃபாமன்ஸ் செட்டிங்ஸ், மறுபடி அட்வான்ஸ்ட், வெர்ச்சுவல் மெமரி என்ற வழியில் போய், விண்டோஸே அளவைப் பார்த்துக்கொள்ளும் விருப்பத்தில் டிக் இருக்கட்டும். தேவைக்கேற்ப அது வளரும். வளர சி டிரைவில் இடம் வேண்டும், அதனால்தான் தொடக்கத்திலேயே குறிக்கச் சொன்னேன். டவுன்லோட்ஸ் கோப்புறை நிறைந்து சி டிரைவில் 2 ஜிபி மட்டுமே மீதி இருக்கும் கணினியில் நினைவகப் பிழை வந்தால், கோப்புகளை அகற்றுவதே மருந்து.

11. நிறுத்தக் கூடாதவை

சிஸ்டம், சிஎஸ்ஆர்எஸ்எஸ், வின்இனிட், எல்சாஸ், சர்வீசஸ் ஆகியவற்றை டாஸ்க் மேனேஜரிலிருந்து நிறுத்த முயலாதீர்கள். இவற்றில் சில விழுந்தால் நீலத் திரையோடு கணினி நின்றுவிடும், சேமிக்காத வேலை போய்விடும். ஆன்டிமால்வேர் சர்வீஸ் என்பது விண்டோஸின் சொந்த வைரஸ் தடுப்பு. சோதனை நேரத்தில் அது ஏறி இறங்கும். சேர்த்து வேறொரு வைரஸ் தடுப்பும் முழுமையாக ஓடிக்கொண்டிருந்தால், இரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை முறைப்படி நீக்குங்கள்.

12. ரேம் வாங்கும் முன்

இத்தனையும் செய்த பிறகும் உச்ச வேலை நேரத்தில் அவைலபிள் சில நூறு எம்பியில் தங்கி, ஹார்ட் ஃபால்ட்ஸ் ஓயவில்லை என்றால், உங்கள் வேலைக்கு இந்த ரேம் போதாது. தயங்காமல் கூட்டுங்கள்.

எவ்வளவு கூட்டுவது என்பதற்கு உங்கள் தாளிலேயே விடை இருக்கிறது. உச்ச நேரத்தில் கமிட்டட் பகுதியின் முதல் எண் என்ன? அது 9 ஜிபி என்றால் 16 ஜிபி தாராளம். 15 ஜிபியைத் தொட்டால் 32ஐப் பற்றி யோசிக்கலாம். கமிட் செய்யப்பட்டதெல்லாம் ஒரே நேரத்தில் ரேமில் உட்காராது என்பதால் இந்த எண்ணுக்கு மேல் இருந்தாலே போதும்.

கடைக்குப் போகும் முன் மெமரி பக்கத்தில் "ஸ்லாட்ஸ் யூஸ்டு", "ஸ்பீடு", "ஃபார்ம் ஃபேக்டர்" மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். டிடிஆர் 4 இருக்கும் இடத்தில் டிடிஆர் 5 பொருந்தாது, பள்ளமே வேறு இடத்தில் இருக்கும். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். மாதிரி எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் அதிகபட்ச ரேம் எவ்வளவு, மாற்ற முடியுமா என்று உறுதிசெய்யாமல் பணம் கொடுக்காதீர்கள். இரண்டு ஸ்லாட் இருந்தால் ஒரே அளவில் இரண்டு போடுவது நல்லது. இரண்டு வழியாகவும் தரவு போகும், சிபியுவுக்குள்ளேயே கிராஃபிக்ஸ் உள்ள கணினிகளில் அந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

புதிய ரேம் போட்டதும் இரண்டாம் படியை மறுபடி செய்து புதிய எண்களை எழுதுங்கள். இன் யூஸ் முன்பைவிடக் கூடுதலாகத் தெரியும். இடம் இருப்பதால் விண்டோஸ் முன்போல் இறுக்கிப் பிடிக்கவில்லை, அதனால் வரும் ஏற்றம் அது. ஹார்ட்வேர் ரிசர்வ்ட் எண் மட்டும் பெரிதாகத் தாவியிருந்தால் ரேம் ஸ்லாட்டில் சரியாக உட்காரவில்லை, அல்லது பயாஸ் (விண்டோஸுக்கு முன் கணினியைத் தொடங்கும் தாய்ப்பலகை மென்பொருள்) அதை முழுதாக ஏற்கவில்லை. கழற்றி அழுத்திப் பொருத்திவிட்டுப் பாருங்கள்.